நான்காம் கேள்வி

1. பட்டியல் ஒட்டிய மறுநாள்

காலை பத்து மணிக்கு வசந்தி அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. முந்தின நாள் சமுதாயக் கூடத்துச் சுவரில் நாங்கள் ஒட்டிய பட்டியல் அது. ஓரங்களில் பசை காய்ந்திருந்தது. கிழியாமல் உரித்து, நாலாக மடித்து, பூந்தமல்லியிலிருந்து இரண்டு பஸ் மாறி அம்பத்தூர் வரை கொண்டுவந்திருந்தார்.

"ரேவதி மிஸ்ஸு, இத கொஞ்சம் படிச்சு சொல்லு. என் பேரு எங்க கீது?"

அவருக்குப் படிக்கத் தெரியும். என் வாயால் கேட்க வேண்டும் என்று வந்திருக்கிறார்.

"இல்லக்கா."

"ஏன் இல்ல?"

"மார்க் பத்தல."

"நான் இன்னா பரீட்சையா எழுதுனேன், மார்க்கு பத்தாம போறதுக்கு?"

"கூடத்துல சர்வே எடுத்தோமேக்கா. அதுல வந்த மார்க்."

"அந்தக் கூடத்துக்கு அம்பத்தெட்டு பொம்பளைங்கள இட்டுகினு வந்தது யாரு?"

"நீங்கதான்."

"ஊடு ஊடாப் போயி சங்கத்துக்குப் பேரு எழுதுனது யாரு? மீட்டிங்குக்கு சேர் தூக்கினு வந்தது யாரு?"

"நீங்கதான்க்கா."

"வேலைக்கு மட்டும் வசந்தி. மார்க்குக்கு வேற ஆளு."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. பட்டியலை என் மேஜையில் வைத்துவிட்டு, "இத நீயே வெச்சுக்கோ. வேற செவுரு கெடச்சா ஒட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு டேப்லெட்டைத் திறந்து பார்த்தேன். இருபதுக்கு ஐந்து. ஐம்பத்தெட்டுப் பேரில் அதுதான் மிகக் குறைந்த மார்க். இந்தக் குழப்பத்தில்தான் என் கதை தொடங்குகிறது. ஏனென்றால் அந்தத் திட்டத்தை எழுதும்போது நான் மனதில் வைத்திருந்த பெண்ணே வசந்தி அக்காதான்.

2. பத்துக் கேள்வி, இருபது மார்க்

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதனால் முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சிறிய அறக்கட்டளையில் ப்ரோகிராம் ஆபீசர். ஃபீல்டுக்குப் போவேன், நிதி கேட்டு ப்ரொப்போசல் எழுதுவேன், நிதி வந்தால் ரிப்போர்ட் எழுதுவேன். நிதி தருகிறவர்களை டோனர் என்போம். உதவி பெறுகிறவர்களை பெனிஃபிஷியரி என்போம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எங்களுக்கு அப்படி நல்ல பெயர் எதுவும் இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றுகிறவர். அம்மா இன்றும் பெருவிரல்தான் வைக்கிறார். அந்த வீட்டிலிருந்து வந்தவள் ஆங்கிலத்தில் எழுதிய இருபத்திரண்டு பக்க ப்ரொப்போசல், பெரிய ஃபவுண்டேஷன் ஒன்றில் முதல் முயற்சியிலேயே பாஸ் ஆனது. இதை அடக்கத்தோடு சொல்ல எனக்கு வராது. கடிதம் வந்த அன்று எங்கள் டைரக்டர் கிரேஸ் மேடம் எல்லோருக்கும் டீயும் சமோசாவும் வாங்கித் தந்தார். நான் ஒரு சமோசாவைக் காகிதத்தில் சுற்றி அம்மாவுக்கு எடுத்துப் போனேன்.

ஃபவுண்டேஷன் கேட்டிருந்த தலைப்பு சமூக நீதியும் சமத்துவமும். நான் எழுதியது எலெக்ட்ரிக் ஆட்டோ. பாரிவாக்கத்தைத் தாண்டி, குடோன்களுக்குப் பின்னால் ஒரு குடியிருப்பு இருக்கிறது. அங்கிருக்கும் பெண்கள் பக்கத்து ஃப்ளாட்டுகளில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கோ குடோனில் பேக்கிங் வேலைக்கோ போகிறவர்கள். பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். உள்ளே ஓடும் ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் ஆண்களுடையவை. அந்தப் பாதையில் இருபது பெண்கள் ஆட்டோ ஓட்டினால் என்ன? பயிற்சி, லைசன்ஸ், கடைசியில் அவரவர் பெயரில் ஒரு வண்டி. இதுதான் திட்டம்.

இருபது இடம், கேட்பவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர். யாரைத் தேர்ந்தெடுப்பது? மிகவும் பின்தங்கியவர்களுக்கு முதலிடம் என்று டோனர் சொன்னார். அதை அளக்க நானே ஒரு ஸ்கோர் ஷீட் தயாரித்தேன். பத்துக் கேள்வி, இருபது மார்க். கஷ்டம் கூடக் கூட மார்க் கூடும். நான்காம் கேள்விக்கு மட்டும் நாலு மார்க் வைத்தேன்: கணவர் உடன் வாழ்கிறாரா? இல்லை என்றால் நாலு, ஆம் என்றால் பூஜ்யம். மற்றவற்றுக்கு ஒன்றோ இரண்டோ.

சர்வேயை சமுதாயக் கூடத்தில் வைத்தோம். ஒரே நாளில் முடிந்துவிடும், எல்லார் கண் முன்னாலும் நடந்தால் சந்தேகம் வராது என்பது என் கணக்கு. பெண்கள் வரிசையில் நின்றார்கள். நான் மேஜை போட்டு உட்கார்ந்து, சத்தமாகக் கேட்டு, டேப்லெட்டில் தட்டினேன்.

பெண்கள் சங்கத் தலைவி என்பதால் வசந்தி அக்கா முதலில் வந்து உட்கார்ந்தார்.

"தினம் எத்தனை வேளை சாப்பாடு நடக்குதுக்கா?"

"மூணு. விருந்தாளி வந்தா நாலு."

வரிசையில் சிரிப்பு.

"கடன் ஏதாவது இருக்கா?"

"யாருக்கும் ஒரு பைசா இல்ல."

"வீட்டுக்காரர் கூட இருக்காரா?"

"இருக்காரு."

அப்போது வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. யாரும் பேசவும் இல்லை. தலைவிக்குக் கொடுக்கும் மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்து உட்கார்ந்தவர் சுமதி அக்கா. அவர் குரல் கூடத்துக்கு வெளியேயும் கேட்கும்.

"வீட்டுக்காரர்?"

"ஓடிப்போயி அஞ்சு வருசம் ஆச்சு, எழுதிக்கோ. எந்த ஊர்ல கீறான்னு மட்டும் என்னைக் கேக்காத. எனக்கே தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுமதி அக்காவுக்குப் பதினாலு மார்க் வந்தது. பட்டியலில் நல்ல இடம். கடைசி இடத்தில் இருந்தவர் எடுத்தது பன்னிரண்டு.

3. தெருவே தெரிந்து தெரியாமல் இருந்தது

வசந்தி அக்கா வந்துபோன மூன்றாம் நாள் நான் ஃபீல்டுக்குப் போனேன். தெருமுனையில் சுமதி அக்கா வண்டிக்காரரிடம் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். எல்.எல்.ஆர் போடுவதற்கு போட்டோ எடுத்துவிட்டதாகச் சொல்லி ரவிக்கைக்குள்ளிருந்த பர்ஸைத் திறந்து காட்டினார். பிறகு என்னைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"மிஸ்ஸு, வசந்தி பேரு இன்னாத்துக்கு வரல?"

"அவங்களுக்குக் கஷ்டம் கம்மின்னு வந்திருக்குக்கா. வீட்டுக்காரர் இருக்காரு, கடன் இல்ல..."

"எந்த ஊட்டுக்காரரு?"

"அவங்க வீட்டுக்காரர்தான்க்கா. இருக்காருன்னு சொன்னாங்களே."

"அந்த ஆளு போயி மூணு வருசம் ஆவுது மிஸ்ஸு. திருவள்ளூர் பக்கம் வேற குடித்தனம். தெருவுக்கே தெரியும்."

"தெரியுமா? அன்னிக்கு எல்லாரும் அங்கதானே நின்னீங்க. ஒருத்தர் கூடச் சொல்லலையே."

சுமதி அக்கா என்னை வினோதமாகப் பார்த்தார். படித்தவளுக்கு இது தெரியவில்லையே என்ற பார்வை.

"அவளே இருக்காருன்னு சொல்லிகினு கீறா. நாங்க எப்டி இல்லன்றது? தண்ணி புடிக்கப் போனா, 'உங்க ஊட்டுக்காரரு வந்தாரா'ன்னு நாங்களே கேப்போம். 'நைட் டூட்டி'ம்பா. சரின்னு வந்துருவோம். என் கத வேற. எனக்கு வாயி ஜாஸ்தி, வெக்கம் கம்மி. அவளுக்கு அப்டி வராது. எப்டியாவது அவ பேரச் சேத்துடு மிஸ்ஸு. அவ இல்லன்னா எங்க யாருக்கும் இந்த வண்டியே கெடயாது."

அலுவலகத்துக்குத் திரும்பியதும் கிரேஸ் மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கெட்ட செய்தி கேட்டால் அப்படித்தான் செய்வார்.

"அவங்க வாயால சொன்ன பதில் இருக்கு. சப்மிட் பண்ணியாச்சு. ஆப்ல லாக் ஆயிடுச்சு. இப்ப நீ கேள்விப்பட்டதை வச்சு மாத்தினா, நாளைக்கு இன்னொருத்தி வந்து வேற எதையாவது சொல்லுவா. தலைவிக்கு ஒரு நியாயம், மத்தவங்களுக்கு ஒரு நியாயமான்னு கேப்பாங்க."

"ஆனா மேடம், அந்தப் பதில் உண்மை இல்லையே."

"ஷீட் போட்டது யாரும்மா?"

"நான்தான்."

"அப்ப நீயே சொல்லு."

மேடம் சொன்னதும் சரியாக இருந்தது. சுமதி அக்கா சொன்னதும் சரியாக இருந்தது. இரண்டு சரிக்கு நடுவில் எப்படி நிற்பது என்று எம்.எஸ்.டபிள்யூ படிப்பில் ஒரு பேப்பர் கூட இல்லை.

4. அப்பா சொன்ன சம்பளம்

அன்று வீட்டில் சாப்பிடும்போது அப்பாவைப் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு உதவித்தொகை வர வேண்டியிருந்தது. ஃபாரம் நிரப்ப அப்பாவைப் பள்ளிக்கு அழைத்திருந்தார்கள். ஆபீஸ் அறையில் மற்ற பிள்ளைகளின் பெற்றோரும் இருந்தார்கள். பாதுகாப்புத் துறை ஃபேக்டரிக் குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவர்கள், இஸ்திரி போட்ட சட்டைக்காரர்கள். "மாச வருமானம் எவ்ளோப்பா?" என்று கிளார்க் சத்தமாகக் கேட்டார். அப்பா தன் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். உதவித்தொகை எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வயதிலேயே எனக்குப் புரிந்திருந்தது. அந்த அறையில் வேறு எதையும் அவர் சொல்லியிருக்க முடியாது. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான், ஐம்பத்தெட்டுப் பெண்களை வரிசையில் நிறுத்தி, புருஷன் இருக்கிறானா என்று மேஜைக்குப் பின்னாலிருந்து சத்தமாகக் கேட்டிருக்கிறேன். அந்தக் கிளார்க்கின் வேலையை அப்படியே செய்திருக்கிறேன், டேப்லெட் வைத்துக்கொண்டு.

மறுநாள் ஃபவுண்டேஷனின் பெங்களூர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். எங்கள் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஆனந்த் சார், நன்றாகத் தமிழ் பேசுவார். சர்வேயை நான் எடுத்த முறை தப்பு என்று சொன்னேன். அடுத்தவர் காதில் விழும்படி கேட்டதால் பலர் கஷ்டத்தை மறைத்திருக்கலாம், ஒருவர் மறைத்தது எனக்கு உறுதியாகத் தெரியும் என்றேன்.

"நீங்களே தப்புன்னு சொல்றீங்க, ரொம்ப நல்லது. இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"வீடு வீடாப் போய், தனியா, திரும்ப எடுக்கறேன் சார்."

"ஐம்பத்தெட்டு வீடும்?"

"ஆமா சார்."

"லிஸ்ட் ஏற்கெனவே ஒட்டிட்டீங்களே. அதுல இருக்கறவங்க?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. யோசித்ததாகக் காட்டிக்கொண்டு, "தற்காலிகப் பட்டியல்னு சொல்லிடறேன் சார்" என்றேன். அந்தச் சொல் எவ்வளவு பெரிய பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. போட்டோ எடுத்து பர்ஸில் வைத்திருப்பவருக்கு எது தற்காலிகம்?

5. கதவைச் சாத்திக்கொண்டு

அந்தத் தெருவில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. நான் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொன்னதும் ஊரே வாசலில் கூடியது.

"இன்னா மிஸ்ஸு, பேய் ஓட்டுறீங்களா?"

"அப்டி இன்னா ரகசியம் கேக்குற, எங்களுக்கும் சொல்லு."

ஆனால் கதவுக்கு உள்ளே நிறைய மாறியது. கூடத்தில் கடனே இல்லை என்ற மூன்று பேர் கடனைச் சொன்னார்கள். இரண்டு பேர் காலையில் சமைப்பதில்லை என்றார்கள். புருஷன் வேலைக்குப் போகிறான் என்று சொன்ன ஒரு பெண், "போறான், எங்க போறான்னு கேக்காத" என்று அழுதார்.

வசந்தி அக்கா வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். ஒரே அறை. ஆணியில் ஒரு ஆம்பளைச் சட்டை தொங்கியது, இஸ்திரி போட்டது. வாசலில் பெரிய சைஸ் செருப்பு ஒரு ஜோடி கிடந்ததை உள்ளே வரும்போதே பார்த்திருந்தேன்.

சாப்பாடு, கடன், வாடகை எல்லாவற்றுக்கும் இந்த முறை உண்மையைச் சொன்னார். கஷ்டமாகத்தான் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக. நான்காம் கேள்விக்கு வந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"வீட்டுக்காரர் கூட இருக்காராக்கா?"

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"இருக்காரு."

நான் தட்டவில்லை. விரலைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தேன். என் கண் சட்டைப் பக்கம் போனதை அவர் பார்த்துவிட்டார்.

"பின்னாடி குடோனு. டெய்லி அம்பது லாரி வந்து நிக்குது. டிரைவருங்க, கிளீனருங்க. வாசல்ல ஆம்பள செருப்பு கெடந்தா எவனும் கதவத் தட்டமாட்டான். மாசம் ஒரு தபா அந்தச் சட்டையத் தோச்சு வெளிய காயப் போடுறேன். இதுல இன்னா தப்பு கீது?"

"தப்பே இல்லக்கா. இது வெளிய போகாது. நீங்களே ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"இன்னான்னு எழுதணும்?"

"கணவர் கைவிட்டுட்டாருன்னு."

"உங்க ஆபீஸ்ல எத்தினி பேரு படிப்பாங்க?"

"ஒரு நாலு பேர்."

"பெங்களூர்ல?"

"அங்க ஒரு நாலஞ்சு பேர்."

"ஆட்டோ குடுக்குற அன்னிக்கு பேனர் கட்டுவீங்க இல்ல? கைவிடப்பட்ட பெண்களுக்குன்னு அதுல போடுவீங்க இல்ல?"

ப்ரொப்போசலில் நான் எழுதிய தலைப்பில் ஏறக்குறைய அந்தச் சொல்தான் இருந்தது.

"எம் மேல பத்து பேரு பரிதாபப்பட்டா எனக்கு வண்டி ஓடாது மிஸ்ஸு. நான் சொன்னத எழுது. இருக்காரு."

நான் 'ஆம்' என்று தட்டினேன். ஒன்பது மார்க். குறைந்தது பன்னிரண்டாவது வேண்டும்.

டேப்லெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தேன். எரிச்சலாக இருந்தது. அவர் மேலா, என் மேலா, அந்த ஆள் மேலா என்று தெரியவில்லை. ஒன்றும் நினைக்காமல்தான் கேட்டேன்.

"சரிக்கா. இவ்ளோ கடன், வாடகை, பொண்ணு ஃபீஸ். யாரு இதையெல்லாம் ஓட்றது?"

"யாரு ஓட்டுவா? நான்தான். வேற எவன் ஓட்டுறான்?"

அதைச் சொல்லும்போது அவர் தரையைப் பார்க்கவில்லை.

கதவில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். என் நாலு மார்க் எதற்கு? தனியாளாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்கு. அதைத்தான் இப்போது அவர் நேராகச் சொல்லியிருக்கிறார். நான் கேட்ட கேள்வி இல்லாதவனைப் பற்றியது. இருந்து சுமக்கிறவரைப் பற்றிக் கேட்டிருந்தால் முதல் நாளே, கூடத்திலேயே, வரிசைக்கு முன்னாலேயே அவர் பதில் சொல்லியிருப்பார்.

6. மூன்றாம் சுற்று

நான்காம் கேள்வியை மாற்ற அனுமதி கேட்டு ஆனந்த் சாருக்கு மெயில் அனுப்பினேன். 'கணவர் உடன் வாழ்கிறாரா' என்பதற்குப் பதில் 'குடும்பச் செலவை யார் சுமக்கிறார்'. முழுவதும் தானே என்றால் நாலு. வேறு யாரோடாவது பங்கு என்றால் இரண்டு. அடுத்தவர் சுமந்தால் பூஜ்யம். அவர் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். புதுக் கேள்வியை எல்லோரிடமும் கேட்க வேண்டும்.

மீண்டும் ஐம்பத்தெட்டு வீடு.

"இன்னா மிஸ்ஸு, அரியர் எக்ஸாமா?"

"இந்தத் தபா பாஸ் போட்டுட்டுப் போ, கால் வலிக்குது எங்களுக்கு."

சுமதி அக்கா வீட்டில் காபி கொடுத்தார். பர்ஸிலிருந்த போட்டோ இப்போது சாமி படத்துக்குப் பக்கத்தில் எல்.எல்.ஆர் ஃபாரத்தோடு செருகியிருந்தது.

"குடும்பச் செலவை யார் பாக்கறாங்கக்கா?"

"நான்தான். எம் பொண்ணும் குடோன்ல பேக்கிங் போறா இல்ல, போன வருசத்துல இருந்து. அவ சம்பளம் அரிசிக்கும் கேஸுக்கும் சரியாப் போவுது. பாவம், அவளும்தான் சொமக்குறா."

'பங்கு' என்று தட்டினேன். தட்டும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். உண்மையிலேயே தோன்றவில்லை.

ஆப் கணக்குப் போட்டுக் கொடுத்த புதுப் பட்டியலை கிரேஸ் மேடமும் நானும் சேர்ந்து பார்த்தோம். புருஷன் இருந்தும் தனியாகச் சுமக்கிற பெண்கள் பலர் மேலே வந்திருந்தார்கள். கடைசி இடத்துக்குப் பதிமூன்று மார்க் தேவைப்பட்டது. இருபதாவது பெயர் வசந்தி, பதிமூன்று. இருபத்தொன்றாவது பெயர் சுமதி, பன்னிரண்டு.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

இன்னொரு இடம் கேட்டு அன்றே ஆனந்த் சாரிடம் பேசினேன். இருபது வண்டிக்குத்தான் அனுமதி, அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார். அடுத்த கட்டம் வருமா என்று கேட்டேன். அது போர்டு முடிவு செய்யும் என்றார்.

சுமதி அக்காவிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். சுவரில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்ற அளவுக்காவது எனக்குப் புத்தி வந்திருந்தது. அவர் சத்தம் போடவில்லை. அந்தக் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

"மொத தபா நெசம் சொன்னேன், உள்ள போட்டீங்க. மூணாவது தபாவும் நெசம்தான் சொன்னேன், வெளிய போட்டீங்க. நான் மாறல மிஸ்ஸு. கேள்விதான் மாறிச்சு."

"இப்ப கேக்கற கேள்விதான் நியாயமான கேள்விக்கா."

"இருக்கலாம். யாருக்காகக் கேள்வி மாறிச்சுன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே உன்கிட்ட வந்து அவளுக்காகச் சொன்னேன்."

சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த போட்டோவை எடுத்துத் திரும்பப் பர்ஸில் வைத்தார்.

"அவ பேரு வந்ததுல எனக்குச் சந்தோசம்தான். அது வேற. ஆனா இத கேட்டுக்கோ. நாளைக்கு நீ எந்தக் கேள்விய எடுத்துகினு வந்தாலும், அதுக்கு எந்தப் பதில் சொன்னா உள்ள போடுவேன்னு முன்னாடியே சொல்லிடு. நெசத்துக்கு இன்னா வெலைன்னு தெரிஞ்சுகினு சொல்றோம்."

7. கற்றுக்கொண்டவை

பயிற்சி முடிந்து இருபது பேரும் லைசன்ஸ் வாங்கினார்கள். வண்டி கொடுத்த அன்று பேனரில் எங்கள் அறக்கட்டளையின் பெயரும் 'பெண்கள் ஓட்டும் ஆட்டோ' என்பதும் மட்டும்தான் இருந்தன. அதற்காக கிரேஸ் மேடத்தோடு அரை நாள் வாதாடினேன். வசந்தி அக்கா என்னிடம் நன்றி எதுவும் சொல்லவில்லை. "பிரேக்கு கொஞ்சம் லூசா கீது, ஷோரூமுக்குச் சொல்லு" என்றார். இப்போது மெயின் ரோட்டிலிருந்து ஃப்ளாட்டுகள் வரை அவர் வண்டி ஓடுகிறது. காலை ஷிஃப்ட் பெண்கள் அதில்தான் போகிறார்கள். சுமதி அக்கா ஏறுவதில்லை, நடக்கிறார். இருவருக்கும் சண்டை இல்லை. வண்டி பக்கத்தில் வந்து நின்றால், "நீ போ, எனக்கு நடந்தாத்தான் ஒடம்பு சரியாகுது" என்பார். வசந்தி அக்காவும் சரி என்று போய்விடுவார். அந்தத் தெருவில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் பொய் என்பதில்லை.

வருட முடிவில் டோனருக்கு ரிப்போர்ட் எழுத வேண்டும். அதில் 'கற்றுக்கொண்டவை' என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் அதில் யாரும் ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. பழைய ரிப்போர்ட்டிலிருந்து எடுத்து ஒட்டுவார்கள். நான் மூன்று விஷயம் எழுதினேன். சர்வேயை நாலு பேர் கேட்கும்படி எடுத்தது என் தவறு. இல்லாததைக் கேட்காமல் செய்வதைக் கேட்டால் பெண்கள் நிமிர்ந்து பதில் சொல்கிறார்கள். இறுதி செய்யாத பட்டியலைச் சுவரில் ஒட்டக் கூடாது. மூன்றும் உண்மை. புதிதாக வருகிறவர்கள் இவற்றைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் எழுதி முடித்துப் படித்தபோது, எல்லாம் நல்லபடியாகச் சரியாகிவிட்டது போல இருந்தது. சரியாகவில்லை. ஒரு பெண்ணுக்காக ஒரு கேள்வியை மாற்றினேன். அந்த மாற்றம் நியாயமானது என்று இன்றும் நம்புகிறேன். அந்த நியாயம் இன்னொரு பெண்ணின் வண்டியை எடுத்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்து எந்த வாக்கியத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு பக்கம் எழுதியவளுக்கு ஒரு வரி வரவில்லை.

அதனால் சுமதி அக்காவிடம் போய், அன்று நெசத்தைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதலாமா என்று கேட்டேன். சங்கடமாக இருந்தால் பெயர் போடாமல் எழுதுகிறேன் என்றேன்.

"பேரு போடாம எழுதுனா நீ சொன்னதா ஆயிடும். என் பேரப் போடு. நான் இன்னா பொய்யா சொன்னேன்?"

அவர் சொன்னதை எழுதி, முன்னும் பின்னும் விளக்கம் எதுவும் சேர்க்காமல், கீழே அவர் பெயரைப் போட்டு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து ஆனந்த் சார் ஃபோன் செய்தார்.

"ரிப்போர்ட் படிச்சேன் ரேவதி. அந்தக் கடைசிப் பகுதி... அது இருக்கட்டும். ஆனா பேரை எடுத்துடுங்க. பெனிஃபிஷியரி பேரை வெளியிடக் கூடாதுன்னு பாலிசி இருக்கு, உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார்," என்றேன். "அவங்க பெனிஃபிஷியரி இல்ல."